கொடி மாறும், பட்டறைதான் நிலைக்கும்

இங்கிலாந்தில் சில்வர்ஸ்டோன் பந்தயத் தடத்தை ஒட்டி இயங்கும் ஒரு பட்டறை, 1991 முதல் ஃபார்முலா ஒன் கார்களைச் செய்துவருகிறது. அந்தக் கார்கள் இதுவரை ஆறு பெயர்களைச் சுமந்திருக்கின்றன: ஜோர்டன், மிட்லண்ட், ஸ்பைக்கர், ஃபோர்ஸ் இந்தியா, ரேசிங் பாயிண்ட், ஆஸ்டன் மார்ட்டின். இவற்றில் ஒரு பெயர் நம்முடையது. 2008 முதல் 2018 நடுப்பகுதி வரை அந்தக் கார்கள் இந்தியாவின் பெயரோடு உலகத் தடங்களில் ஓடின. ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைக்காட்சி முன் அமர்ந்து நாமும் கைதட்டினோம். அந்தப் பத்தாண்டு முடிந்தபோது இந்தியாவிடம் மிஞ்சியது என்ன என்பதை நாம் இன்னும் உரக்கக் கேட்கவில்லை. கேட்டால் கிடைக்கும் விடை, கார் பந்தயத்துக்குச் சம்பந்தமே இல்லாததுபோலத் தோன்றும் காரைக்காலுக்கும் பயன்படும்.

முதலில் அந்தக் கார்களின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். எட்டி ஜோர்டன் தொடங்கிய அணியின் முதல் ஃபார்முலா ஒன் கார், பச்சை நிற ஜோர்டன் 191. கேரி ஆண்டர்சன், மார்க் ஸ்மித், ஆண்ட்ரூ கிரீன் அடங்கிய மிகச் சிறிய குழு அதை வடிவமைத்தது. அந்த ஆண்டு பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் மைக்கேல் ஷூமாக்கர் தம் முதல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டியது அந்தக் காரைத்தான். ஏழு ஆண்டுகள் கழித்து அதே ஸ்பாவில் டேமன் ஹில்லும் ரால்ஃப் ஷூமாக்கரும் அணிக்கு முதல் இரு இடங்களை வாங்கித் தந்தார்கள். 1999இல் அணிகளின் பட்டியலில் மூன்றாம் இடம். பிறகு பணம் வற்றியது, கார்கள் பின்தங்கின. 2005இல் அணி கைமாறிய நிலையில் வந்த இஜே15 காரில்தான் கோவையின் நாராயண் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன்னில் ஓடிய முதல் இந்தியர் ஆனார். அதே ஆண்டு இண்டியானாபோலிஸில், மிஷலின் டயர் அணிகள் எல்லாம் விலகியதால் ஆறே கார்கள் ஓடிய பந்தயத்தில், அவர் நான்காவதாக வந்தார்.

2005 முதல் 2007 வரை மூன்று ஆண்டுகளில் மூன்று முதலாளிகள் வந்தார்கள். 2007 இறுதியில் விஜய் மல்லையாவும் நெதர்லாந்தின் மிக்கேல் மோலும் அணியை வாங்கி, ஃபோர்ஸ் இந்தியா என்று பெயரிட்டார்கள். 2008இல் வந்த விஜேஎம்01 உண்மையில் முந்தைய ஸ்பைக்கர் காரின் வளர்ச்சிதான்; அந்த ஆண்டு முழுக்க ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு ஃபெராரி இன்ஜினை விட்டு மெர்சிடிஸ் இன்ஜினுக்கும், மெக்லாரனின் கியர்பாக்ஸுக்கும் மாறினார்கள். காற்றை அதிகம் எதிர்க்காத விஜேஎம்02இன் உடலமைப்பு, நீண்ட நேர்ப்பாதை கொண்ட தடங்களில் பலன் கொடுத்தது. 2009 ஸ்பாவில் அணியின் ஓட்டுநர் ஃபிசிகெல்லா தகுதிச் சுற்றில் முதலிடம் பிடித்து, பந்தயத்தில் கிமி ரைக்கோனனுக்கு ஒரு நொடிக்கும் குறைவான இடைவெளியில் இரண்டாவதாக வந்தார். அணியின் முதல் புள்ளிகளே அவைதாம். அங்கிருந்து ஒவ்வொரு காரும் முந்தையதன் குறையைத் திருத்திக்கொண்டே வந்தது. 2015 நடுவில் மூக்கில் இரு துளைகளோடு வந்த விஜேஎம்08இன் மறுபதிப்பு அந்தப் பருவத்தின் போக்கையே மாற்றியது. 2016இல் விஜேஎம்09 173 புள்ளிகளும், 2017இல் விஜேஎம்10 187 புள்ளிகளும் எடுத்தன. தங்களைவிட மிக அதிகம் செலவழித்த அணிகளை முந்தி இரண்டு முறையும் நான்காம் இடம்!

2018 ஜூலையில் கடன் சுமை தாங்காமல் அணி நிர்வாகிகளின் பொறுப்புக்குப் போனது. தொழிலதிபர் லாரன்ஸ் ஸ்ட்ரோலின் குழு அதை வாங்கியது. அணி அதுவரை எடுத்த புள்ளிகள் கணக்கில் இல்லாமல் போயின, பெயரும் போனது. ஆனால் சுமார் 400 பேரின் வேலை போகவில்லை, லேத்துகளும் அச்சுகளும் வரைபடங்களும் போகவில்லை. 2020இல் அந்த ஆட்களே செய்த ரேசிங் பாயிண்ட் காரில் செர்ஜியோ பெரெஸ் சாகிர் பந்தயத்தை வென்றார். முந்தைய ஆண்டின் மெர்சிடிஸைப் பார்த்துச் செய்த கார் என்று அதன்மேல் புகார் எழுந்தது, பிரேக் குழாய் அமைப்புக்காக 4 லட்சம் யூரோ அபராதமும் 15 புள்ளிகள் குறைப்பும் விதிக்கப்பட்டன. ஒரு காரைப் பார்த்துச் செய்வதற்கும் தேர்ந்த கை வேண்டும் என்பதை அந்தக் குற்றச்சாட்டே ஒப்புக்கொள்கிறது. 2023இல் ஆஸ்டன் மார்ட்டின் என்ற பெயரில் ஓடிய காரில் ஓட்டுநர் அலோன்சோ எட்டு முறை பரிசு மேடை ஏறினார். 1991இன் முதல் காரை வரைந்த மூவரில் ஒருவரான ஆண்ட்ரூ கிரீன், இடையில் வேறு அணிகளுக்குப் போய்த் திரும்பிவந்து, ஃபோர்ஸ் இந்தியா காலத்திலும் அதற்குப் பிறகும் தொழில்நுட்பத் தலைவராக இருந்தார். முதலாளிகள் வந்து போனார்கள். காரின் பரம்பரை அறுபடவில்லை. அந்தப் பரம்பரையைக் காத்தது அந்தப் பட்டறை.

இந்தியாவின் பங்கை இந்த வெளிச்சத்தில் அளக்க வேண்டும். ஃபோர்ஸ் இந்தியா நமக்கு எதுவும் தரவில்லை என்று சொல்வது நேர்மையாகாது. 2011இல் அது நாடெங்கும் நடத்திய இளம் ஓட்டுநர் தேர்வில் கண்டெடுக்கப்பட்டவர்களில் ஜெஹான் தாருவாலா பின்னாளில் ஃபார்முலா டூ பந்தயங்களை வென்றார். 2011 முதல் 2013 வரை கிரேட்டர் நொய்டாவில் நடந்த இந்திய கிராண்ட் ப்ரீயில் அந்தக் கார் ஓடியபோது எழுந்த ஆர்வமும் பொய்யல்ல. ஆனால் பெயர் இந்தியா, பட்டறை சில்வர்ஸ்டோன். காற்றுச் சுரங்கத்தில் கற்ற பாடமும், கார்பன் இழையை அடுக்கிச் சுட்டெடுக்கும் கைத்திறனும், முன் சக்கரத் தாங்கி ஏன் முறிந்தது என்று எழுதிவைத்த குறிப்பேடும் அங்கேதான் சேர்ந்தன. அணி கைமாறிய நாளில் இந்தியாவுக்குத் திரும்பிவர ஒரு ஸ்பேனர்கூட இல்லை. இன்று நடிகர் அஜித்குமார் நடத்தும் அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றதைத் தமிழர்கள் கொண்டாடினோம்; கொண்டாட வேண்டியதே. அங்கேயும் கார் ஜெர்மனியின் போர்ஷே, அதைப் பராமரித்து ஓட வைத்தது நெதர்லாந்துக் குழு. அணியின் பெயர் நம்முடையதாக இருந்தும், செய்யும் அறிவு நம்மிடம் சேரவில்லை.

சேர்த்துக் காட்டிய ஒரு தமிழர் இருந்தார். கோவை எஸ். கரிவரதன் 1980களின் கடைசியில் மாருதி 800இன் 796 சிசி மூன்று சிலிண்டர் இன்ஜினை எடுத்து, இரும்புக் குழாய்களைப் பற்றவைத்துச் சட்டம் கட்டி, ஃபைபர் கண்ணாடி உடல் போர்த்தி, ஒற்றை இருக்கைப் பந்தய கார் செய்தார். அதுதான் ஃபார்முலா மாருதி. உள்ளூர்க் கடையில் உதிரி பாகம் கிடைக்கும், உள்ளூர் மெக்கானிக்கே பழுது பார்ப்பார். அதுவரை சோழவரம் விமானத் தளத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த கார்களை ஓட்டக்கூடியவர்கள் அரச குடும்பத்தாரும் பெரும் செல்வந்தர்களுமே. ஃபார்முலா மாருதி அந்த வாசலை அகலமாகத் திறந்தது. நாராயண் கார்த்திகேயன் 1990களின் தொடக்கத்தில் இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் அந்தக் காரில்தான் தொடங்கினார். கருண் சந்தோக்கும் அதில்தான் தொடங்கினார். இந்தியாவிலிருந்து ஃபார்முலா ஒன் வரை போன இருவருமே, மாருதி இன்ஜின் பொருத்தி இந்தியாவில் செய்த காரில் பாலபாடம் கற்றவர்கள் என்பது தற்செயல் அல்ல. 1995இல் கரிவரதன் விமான விபத்தில் மறைந்தார். செட்டிபாளையத்தில் 2003இல் திறந்த பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

கோவையால் ஏன் முடிந்தது? பஞ்சாலைகள் இருந்தன, அவற்றுக்கு உதிரி பாகம் செய்யும் லேத் பட்டறைகள் இருந்தன, பம்ப்செட்டுக்கு வார்ப்படம் ஊற்றும் உலைகள் இருந்தன. பந்தய கார் அந்த ஊரில் புதிதாக முளைத்த அதிசயம் அல்ல, ஏற்கெனவே இருந்த கைகளுக்குக் கிடைத்த கடினமான புது வேலை. அந்தப் பரம்பரை முற்றிலும் அறுந்துவிடவில்லை. எல்ஜிபி பெயரில் ஓடும் ஃபார்முலா கார்களும் எம்ஆர்எஃப்பின் ஃபார்முலா 1600 கார்களும் அதன் தொடர்ச்சிகள். ஆனால் மேல்தட்டு வேறு பக்கம் போய்விட்டது. 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவு வெளிச்சத்தில் ஓடிய ஃபார்முலா 4 கார்கள் பிரான்ஸின் மிகால் நிறுவனத்தில் செய்யப்பட்டவை. அதே தெருவில் ஓடிய இந்தியன் ரேசிங் லீக் கார்கள் இத்தாலியில் செய்யப்பட்டவை. தெரு நம்முடையது, விளக்கு நம்முடையது, கூட்டம் நம்முடையது. காரின் அடியில் பதித்த தகடு மட்டும் நம்முடையதல்ல.

அந்த மிகால் நிறுவனம் பாரிஸிலோ லியோனிலோ இல்லை. மத்திய பிரான்ஸின் நியேவ்ர் மாவட்டத்தில், 1,500 பேர் அளவில் வசிக்கும் மன்யி-கூர் என்ற ஊரில் இருக்கிறது. சுற்றிலும் மேய்ச்சல் நிலம். 1960களில் அங்கே ஒரு சிறு தடமும் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியும் இருந்தன. அந்த மாவட்டத்தின் மக்கள் பிரதிநிதியாக இருந்து பின்னர் அதிபரான மித்தராங் காலத்தில் அரசு அந்தத் தடத்தை உலகத் தரத்துக்கு உயர்த்தியது. 1991 முதல் 2008 வரை பிரெஞ்சு கிராண்ட் ப்ரீ அங்கே நடந்தது. அதோடு நின்றிருந்தால் அதுவும் ஒரு வெற்று விளம்பரமாகவே முடிந்திருக்கும். தடத்தை ஒட்டியே தொழில் பூங்கா அமைத்து, சின்னப் பட்டறைகளுக்கு இடம் கொடுத்தார்கள். லிஜியே ஃபார்முலா ஒன் அணி அங்கே குடியேறியது. 1989இல் மிகால் தொடங்கியது. பின்னாளில் லிஜியே அணியை வாங்கிய முன்னாள் ஓட்டுநர் அலென் ப்ரோஸ்ட் அதைப் பாரிஸ் அருகே கொண்டுபோனார். 2002 தொடக்கத்தில் அணி மூடப்பட்டது. கிராண்ட் ப்ரீயும் மன்யி-கூரை விட்டுப் போனது. பட்டறைகள் மட்டும் போகவில்லை. 1969இல் ஜேஎஸ்1 என்று தொடங்கிய லிஜியே பெயர் வரிசை இன்றும் லெ மான்ஸ் கார்களில் தொடர்கிறது. அதே ஊரில் செய்த ஃபார்முலா 4 காரைத்தான் சென்னையில் நாம் பார்த்தோம்.

1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலுக்கு, பிரான்ஸிலிருந்து கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாடம் இல்லை. காவிரிப் படுகையின் கடைமுனையில், தமிழ்நாட்டு மாவட்டங்களுக்கு நடுவே சுமார் 160 சதுர கிலோமீட்டரில் கிடக்கும் துண்டு நிலம் நம்முடையது. கார் உலகத்தில் புதுச்சேரி ஒன்றியப் பகுதிக்கு இன்றுள்ள அடையாளம், வரி குறைவு என்று வெளியூர்க்காரர்கள் சொகுசு கார்களுக்கு வாங்கிக்கொள்ளும் பதிவு எண்தான். ஆனால் காரைக்காலிடம் இருப்பதை எண்ணிப் பாருங்கள். திருவேட்டக்குடியில் தேசியத் தொழில்நுட்பக் கழகம், நெடுங்காட்டில் பெருந்தலைவர் காமராஜர் பொறியியல் கல்லூரி, வரிச்சிக்குடியில் பாலிடெக்னிக், கூடவே ஐடிஐ. நிரவியில் ஓஎன்ஜிசியின் காவிரிப் படுகை அலுவலகம், வாஞ்சூரில் துறைமுகம். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது அரசலாற்று முகத்தை ஒட்டிய மீன்பிடித் துறைமுகம். சுனாமிக்குப் பிறகு இந்தக் கடற்கரை முழுக்க ஃபைபர் படகுகள் பெருகின. கண்ணாடி இழைப் பாயை விரித்து, ரெசின் தடவி, காற்றுக் குமிழ் நிற்காமல் உருளையால் அழுத்தி உடல் வார்க்கும் கைகள் நம் மீனவக் குப்பங்களிலேயே இருக்கின்றன. உப்புக் காற்றில் இறுகிப்போன டீசல் இன்ஜினைக் கரையிலேயே கழற்றி மாட்டும் மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள். கரிவரதனுக்குக் கோவை கொடுத்தது என்னவோ, அதன் வேறொரு வடிவம் இங்கே கிடக்கிறது.

கேட்பது ஃபார்முலா ஒன் அல்ல, பந்தயத் தடமும் அல்ல. செட்டிபாளையத்தில் ஃபார்முலா பாரத் என்ற மாணவர் போட்டி நடக்கிறது. மாணவர்கள் தாங்களே வடிவமைத்துச் செய்த ஒற்றை இருக்கை காரைக் கொண்டுவந்து ஓட்ட வேண்டும். வேகத்துக்கு மட்டுமல்ல, வடிவமைப்பின் காரணங்களை விளக்குவதற்கும், செலவுக் கணக்குக்கும், வணிகத் திட்டத்துக்கும் மதிப்பெண் உண்டு. பெட்ரோல் கார், மின்சார கார் என இரு பிரிவுகள். காரைக்காலின் நான்கு கல்வி நிலையங்களும் சேர்ந்து, நகருக்கு ஒரே பொதுப் பட்டறை அமைத்து, ஆண்டுதோறும் ஒரு காரை அந்தப் போட்டிக்கு அனுப்ப வேண்டும். தனித்தனியாக முயன்றால் ஆர்வமுள்ள மாணவர் கூட்டம் நான்கு ஆண்டில் பட்டம் வாங்கிப் போனதும் கார் கொட்டகையில் துருப்பிடிக்கும். பொதுப் பட்டறையில் நிரந்தரமாக ஒரு மேற்பார்வையாளர் இருப்பார். சென்ற ஆண்டு எந்தப் பற்றவைப்பு விட்டுப்போனது, எந்தச் செயின் அறுந்தது என்ற குறிப்பேடு இருக்கும். பொறியியல் மாணவர் கணினியில் வரைவதை ஐடிஐ மாணவர் பற்றவைப்பார்; உடல் வார்க்கப் படகுக்கட்டும் தொழிலாளி கற்றுத்தருவார், அதற்குரிய ஊதியத்தோடு.

இதற்கு எழும் முதல் மறுப்பு எனக்குத் தெரிகிறது. கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேராமல் விவசாயி தவிக்கும் ஊரில், மீனவருக்கு ஆண்டுதோறும் இழப்பு நேரும் ஊரில், பந்தய கார் ஆடம்பரம் அல்லவா? தண்ணீருக்கும் வலைக்கும் ஒதுக்கும் பணத்தில் ஒரு ரூபாயைக்கூட இதற்குத் திருப்பக் கூடாது; அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கல்வி நிலையங்கள் ஆய்வகங்களுக்கென்று செலவழித்துக்கொண்டுதான் இருக்கின்றன. பெரிய நிறுவனங்கள் சமூகப் பொறுப்பு நிதியைச் சட்டப்படி செலவழித்தாக வேண்டும். கேள்வி, அந்தப் பணம் எதைக் கற்பிக்கிறது என்பது. தேர்வுத்தாளில் விறைப்புத் தன்மையைக் கணக்கிட்ட மாணவர், தான் கட்டிய சட்டம் வளைவில் முறுக்கிக்கொள்வதை ஒருமுறை பார்த்துவிட்டால், அந்த அறிவை அறுவடை இயந்திரத்துக்கும் படகுக்கும் கொண்டுபோவார். சின்ன இன்ஜினில் எரிபொருளைச் சிக்கனப்படுத்தக் கற்றவர் பக்கத்திலேயே இருந்தால், டீசல் செலவில் திணறும் விசைப்படகு உரிமையாளருக்கு அது நஷ்டமா?

இரண்டாவது மறுப்பு அளவு பற்றியது. காரைக்கால் சின்ன ஊர். இங்கே தொழில் வட்டம் இல்லை. சென்னைக்கும் கோவைக்கும் விட்டுவிட வேண்டியதுதானே? மன்யி-கூர் இதற்குப் பதில் சொல்கிறது. ஆனாலும் பதில் முழுமையானதல்ல. மன்யி-கூரில் தடம் ஏற்கெனவே இருந்தது, அதிபரின் ஆதரவும் இருந்தது. நமக்கு இரண்டும் இல்லை. ஆகவே நம் இலக்கும் சிறியதாகத்தான் இருக்க வேண்டும்: முதல் ஐந்து ஆண்டுகளில் தொடர்ந்து ஐந்து கார்கள், அவ்வளவுதான். வெற்றி பெறாவிட்டாலும் பரவாயில்லை. விஜேஎம்01 ஒரு புள்ளிகூட எடுக்காத ஆண்டு இல்லாமல் விஜேஎம்10இன் 187 புள்ளிகள் வந்திருக்காது. சிறிய ஊருக்கு ஒரு நன்மையும் உண்டு. திருவேட்டக்குடியும் நெடுங்காடும் வரிச்சிக்குடியும் துறைமுகமும் அரை மணி நேரத் தூரத்துக்குள் இருக்கின்றன. பெருநகரத்தில் ஒரு பாகத்தைச் செய்து வாங்க ஒரு நாள் போகும்.

மூன்றாவது மறுப்பு பெற்றோர்களுடையது: கிழக்குக் கடற்கரைச் சாலையில் இளைஞர்கள் பைக்கில் பறந்து உயிரை விடுகிறார்கள், இதில் பந்தயத்தை வேறு ஊக்குவிப்பதா? இந்தக் கவலையைத் தட்டிவிட முடியாது. ஆனால் தெருவில் நடப்பதும் இதுவும் ஒன்றல்ல. மாணவர் போட்டியில் கார் தடத்தில் இறங்குவதற்கு முன் பிரேக், இருக்கை வார், கவிழ்ந்தால் தாங்கும் வளைவு, எரிபொருள் கசிவு எல்லாம் ஒவ்வொன்றாகச் சோதிக்கப்படும். ஒன்று தவறினாலும் ஓட்ட விடமாட்டார்கள். வேகத்துக்கு முன் பிரேக் என்பதைத் தன் கையால் செய்து கற்ற இளைஞர், சாலையில் அலட்சியமாக இருப்பதற்கான வாய்ப்பு குறைவு. பெட்ரோல் காலம் முடிந்து மின்சாரக் காலம் வந்துவிட்டதே என்பவர்களுக்கும் அதே போட்டியின் மின்சாரப் பிரிவு பதில் தருகிறது. பேட்டரியின் சூட்டைக் கட்டுப்படுத்தக் கற்பதை இன்று தொடங்கும் ஊருக்கு நாளை வேலை இருக்கும்.

ஒரு நாடு பந்தயத்தில் முன்னேறியதா என்பதற்கு அதன் பெயர் காரின் எந்தப் பக்கத்தில் எழுதப்பட்டது என்பது அளவுகோல் ஆகாது. அந்தக் காரை அடுத்த ஆண்டு இன்னும் நன்றாகச் செய்யத் தெரிந்தவர்கள் எங்கே வசிக்கிறார்கள் என்பதே அளவுகோல். ஃபோர்ஸ் இந்தியாவில் நாம் பெயரை வாங்கினோம், அது போய்விட்டது. ஃபார்முலா மாருதியில் கோவை அறிவைச் சேர்த்தது, அது இன்றும் பலன் தருகிறது. புதுச்சேரி அரசும், தேசியத் தொழில்நுட்பக் கழகமும், பொறியியல் கல்லூரியும், பாலிடெக்னிக்கும், ஐடிஐயும் ஒரே மேசையில் உட்கார்ந்து, வரும் கல்வியாண்டிலேயே அந்தப் பொதுப் பட்டறைக்கு இடம் ஒதுக்க வேண்டும். முதல் காருக்குப் பெரிய பெயர் வேண்டாம். காரைக்கால் 1 என்று எழுதினால் போதும். காரைக்கால் 2இல் என்ன திருத்த வேண்டும் என்ற குறிப்பேட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்வதுதான் நம் கடமை.